மிளகுக் களத்துக் காந்தம்

எங்கள் வீட்டு மிளகுக் களத்தின் ஓரத்தில் ஐந்து கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்துவிட்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், கொல்லிமலையில் எங்கள் பெரக்கரை நாட்டில் என்னைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவின. நான் ஏதோ சென்ட் தயாரிக்கிறேன் என்பது ஒன்று. படித்துப் படித்து எனக்கு மண்டை குழம்பிவிட்டது என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொன்னவர்கள் என் சொந்தக்காரர்கள்.

நான் செய்துகொண்டிருந்தது இதுதான். கார்பாக்சிலிக் அமிலங்கள் என்று ஒரு வகை உண்டு. வினிகரில் இருப்பது அந்த வகை. அந்த மூலக்கூறுகளின் முனையில் ஓர் அமிலத் தொகுதி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கரியமில வாயுவாக வெளியேற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் புரோமின் போன்ற ஒரு ஹாலஜனை உட்கார வைக்க வேண்டும். சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் எழுந்திருப்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஹாலஜன் உட்கார்ந்துவிட்டால் அதை வைத்து மருந்து முதல் வாசனைப் பொருள் வரை எதை வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு போகலாம்.

இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. வெள்ளி உப்பு, திரவ புரோமின், கார்பன் டெட்ராகுளோரைடு. வெள்ளி விலை அதிகம். புரோமின் தொண்டையை அறுக்கும். மூன்றாவதோ ஈரலைக் கெடுக்கும். இந்த மூன்றையும் ஒரே குடுவையில் ஊற்றிச் சூடாக்கியவர்கள் பென்ஷன் வாங்கும்வரை எப்படி உயிரோடு இருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. என் ஆய்வு வழிகாட்டியும் அப்படி இருந்தவர்தான். மாணவராக இருந்தபோது ஐந்து வருடம் வெள்ளியோடு மல்லுக்கட்டியிருக்கிறார். பிறகு வெள்ளியே இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில் அதே வேலையைச் செய்யலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையின் முதல் பக்கம் சட்டம் போட்டு அவர் நாற்காலிக்கு மேலே தொங்கியது. அவரைப் பேராசிரியர் ஆக்கியது அந்தப் பக்கம்தான்.

அவர் விட்ட இடத்திலிருந்து நான் தொடங்கினேன். கெட்ட கரைப்பானுக்குப் பதில் தண்ணீரும் கொஞ்சம் ஆல்கஹாலும். திரவ புரோமினுக்குப் பதில் பொட்டாசியம் புரோமைடு என்ற சாதுவான உப்பு. அதைத் தூண்டிவிட ஒரு வெள்ளைப் பொடி, சலூனில் முடியை வெளுக்க வைக்கும் பொடியின் பங்காளி. விளக்குக்குப் பதில் வெயில். இதற்குப் பசுமை வேதியியல் என்று பெயர். கட்டுரைக்கு நான் வைத்த தலைப்பில் 'உலோகமின்றி', 'நீரில்', 'சூரிய ஒளியில்' என்று மூன்று சொற்கள் இருந்தன. மூன்றும் எனக்கு மிகவும் பிடித்தவை.

கட்டுரையை மதிப்பிட்ட முகம் தெரியாத ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். சூரிய ஒளி என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எல்லாவற்றையும் ஆய்வகத்துக்குள் செயற்கை வெயில் விளக்கின் கீழ்தான் செய்திருக்கிறீர்கள். நிஜச் சூரியனில் செய்து பார்த்தீர்களா? நியாயமான கேள்வி. அதனால்தான் இரண்டு நாள் அந்த மனிதரை மனதாரத் திட்டினேன்.

எனக்கு அது ஆறாவது வருடம். என் வழிகாட்டி சார் ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் கட்டுரை ஏற்கப்பட்டால் அவரிடமே ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு முனைவர் ஆகிவிடலாம். இல்லையென்றால் என்னை இன்னொருவரிடம் மாற்றிவிடுவார்கள். அவர் இரும்பில் துருப்பிடிப்பதை ஆராய்பவர். நானும் துருவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதற்கிடையில் வைகாசியில் நடக்கவிருந்த ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தின் பத்திரிகையில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலில், என் அண்ணன் என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போடச் சொல்லி, அது அச்சாகியும் வந்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் வீட்டுச் சுவரில் நான் ஏற்கெனவே முனைவர்.

பல்கலைக்கழக மொட்டை மாடிக்குச் சாவி கேட்டுக் கடிதம் கொடுத்தோம். கடிதம் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. சார்தான் சொன்னார், மலையில் வெயில் சுத்தமாக இருக்குமே, ஊருக்குப் போய்ச் செய் என்று. அவர் கொல்லிமலைக்கு வந்ததே கிடையாது.

மடியில் அட்டைப்பெட்டியோடு எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினேன். அடிவாரச் சோதனைச்சாவடியில் ஒருவர் பெட்டியிலிருந்த ஆல்கஹால் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். இது ஆராய்ச்சிக்கு என்று அடையாள அட்டையைக் காட்டினேன். சரக்கு கீழேயிருந்து மேலே போவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். மலைக்காரர்கள் என்றால் இவர்களுக்கு ஒரே நினைப்புத்தான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டில் மிளகுப் பொறுப்பு அண்ணியுடையது. அண்ணன் சரக்கு வண்டியில் அதைச் சோளக்காட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவதோடு சரி. காய வைப்பது, கிளறுவது, மேகம் வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடுவது எல்லாம் அண்ணி. களத்தில் பரப்பிய மிளகுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து வரிவரியாகக் கோடு போடுவார். ஒவ்வொரு வரியும் நூல் பிடித்த மாதிரி இருக்கும். எனக்குக் களத்தின் கிழக்கு மூலையை ஒதுக்கினார். ஒரு நிபந்தனையும் விதித்தார்.

"மொளகு மேல சிந்துனா அந்த மொளகை நீதான் திங்கோணும் கண்ணு."

ஆய்வகத்தில் குழாய்க்குள் கலக்குவதற்கு மின்சாரக் கலக்கி உண்டு. அதன் மேல் குழாயை வைத்து, உள்ளே ஒரு சின்னக் காந்தத்தைப் போட்டால் அது சுற்றிச்சுற்றிக் கலக்கும். வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்ட காந்தம், பருத்த நெல்மணி அளவு. களத்தில் மின்சாரமும் இல்லை, கலக்கியும் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழாயை எடுத்துக் கையால் குலுக்கினேன்.

வேலை முடிந்ததா என்று பார்க்க சிலிக்கா மாவு பூசிய ஒரு தகடும், கள்ளநோட்டுக் கண்டுபிடிக்கும் ஊதா டார்ச்சும் கொண்டுவந்திருந்தேன். உண்மையில் அவை தேவையே படவில்லை. நான் எடுத்துக்கொண்ட அமிலம் பிரியாணியில் போடும் பட்டையோடு உறவுள்ளது. அதில் புரோமின் வந்து உட்கார்ந்தால் கிடைக்கும் பொருள் ஒரு காலத்தில் சோப்புக்கு வாசம் சேர்க்கப் பயன்பட்டது. ஏதோ வெளிநாட்டுப் பூவின் வாசம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அண்ணிக்கு அந்தப் பூவைத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த சீசாவைத் திறந்து முகரக் கொடுத்தபோது, சோப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

முதல் நாள் சோப்பு வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. ஏழு நாட்களும் அண்ணி மாலையில் குழாய்களை வரிசையாக முகர்ந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். நான் ஊற்றுத் தண்ணீரில் குழாய் கழுவியதைக் குறை சொன்னேன். மதியத்துக்கு மேல் வரும் மேகத்தைக் குறை சொன்னேன். கடைசியில் வெயிலையே குறை சொன்னேன். அண்ணிக்கு அது பொறுக்கவில்லை.

"வெயில் மேல பழி போடாத கண்ணு. என்ற மொளகு நாலே நாள்ல காஞ்சிருச்சு."

எட்டாம் நாள் குலுக்கிக் குலுக்கி மணிக்கட்டு வலித்தது. குழாய்க்குள் ஏதாவது கெட்டியாகக் கிடந்தால் குலுக்கும்போது நன்றாகக் கலக்குமே என்று தோன்றியது. பென்சில் டப்பாவில் என் காந்தம் இருந்தது. ஆய்வகத்தில் நல்ல காந்தத்தை மேசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது இருக்காது. அதனால் ஊருக்கும் கூடவே எடுத்து வந்திருந்தேன். அது நான் சேர்ந்த முதல் நாள் சார் கொடுத்தது. மாணவராக இருந்த காலத்திலிருந்து அவர் வைத்திருந்தது. "இதை வெச்சுக்கம்மா, இதுல போட்டா எல்லாம் நல்லா வரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஒரு முனையில் கறுப்பாகக் கறை இருந்தது. காந்தங்களை யாரும் தூக்கிப் போடுவதில்லை. அசிட்டோனில் அலசி மறுபடி பயன்படுத்துவோம். கறையெல்லாம் அனுபவத்தின் அடையாளம் என்று நினைப்பு.

நடுக் குழாயில் அதைப் போட்டுக் குலுக்கினேன். மூன்று மணி இருக்கும். களத்தின் மறுகோடியில் கால் இழுத்துக்கொண்டிருந்த அண்ணி நின்றார்.

"கண்ணு, சோப்பு வருது."

நான் அழுதுவிட்டேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆறு வருடம் என்பது ஆறு வருடம். அன்றைக்கு அண்ணி மரவள்ளிக்கிழங்கு வேக வைத்து, காரச் சட்னி அரைத்து, ஏதோ விசேஷம் மாதிரி எல்லோருக்கும் கொடுத்தார். எங்கள் வளவு வீடுகளில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. அண்ணன் வண்டியில் சோளக்காடு போய், அன்னாசிப்பழக் கடை ஓரமாக நின்று சாருக்குப் போன் செய்தேன். நான்தான் நன்றாகக் குலுக்கச் சொன்னேனே என்றார்.

மறுநாள் ஐந்து குழாய்களையும் நன்றாகக் குலுக்க ஏற்பாடு செய்தேன். காந்தம் ஒன்றுதான் இருந்தது. மற்ற நான்கிலும் அண்ணி கொடுத்த பாசிமணிகளைக் கழுவிப் போட்டேன். மாலையில் காந்தம் போட்ட குழாயில் மட்டும் சோப்பு வாசம். அதற்கடுத்த நாள் காந்தத்தை வேறொரு குழாய்க்கு மாற்றினேன். வாசமும் கூடவே அந்தக் குழாய்க்குப் போய்விட்டது. வெயில் ஐந்துக்கும் ஒன்றுதான். குலுக்கலும் ஒன்றுதான்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று ஒரு மணி நேரம் நடித்துப் பார்த்தேன், பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லாவிட்டாலும். மறுநாள் காலை ஒரு குழாயில் காந்தத்தைப் போட்டு, அலுமினியத் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி, மிளகு மூட்டைக்குள் புதைத்து வைத்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் போகாது. மதியம் வெளியே எடுத்துத் திறந்தேன். தாராளமாகச் சோப்பு வாசம் வந்தது. தலைப்பிலிருந்த மூன்று சொற்களில் 'சூரிய ஒளியில்' அப்போதே போய்விட்டது. 'உலோகமின்றி' எப்படிப் போயிற்று என்பதை அந்தக் கறுப்பு முனை சொல்லிக்கொண்டிருந்தது. அது வெள்ளி. சார் ஐந்து வருடம் மல்லுக்கட்டிய பழைய வெள்ளி, பிளாஸ்டிக் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வருடக்கணக்கில் துளித்துளியாக வேலை பார்த்து வந்திருக்கிறது.

அப்படியானால் ஆய்வகத்தில் இரண்டு வருடமாக இது ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். வெளிச்சத்தால்தான் நடக்கிறது என்று நிரூபிக்க, ஒவ்வொரு முறையும் அதே கலவையை இன்னொரு குழாயில் ஊற்றி, மூடி, இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சக் குழாயில் நடந்து, இருட்டுக் குழாயில் நடக்காவிட்டால் வெளிச்சத்துக்கு வெற்றி. நானும் தவறாமல் வைத்தேன். வெளிச்சக் குழாயில் சார் கொடுத்த நல்ல காந்தத்தைப் போட்டேன். இருட்டுக் குழாயில் பெட்டியில் கையில் அகப்பட்ட காந்தம் ஒன்றைப் போட்டேன். தோற்பதற்கென்றே வைக்கும் குழாயில் நல்ல காந்தத்தை யார் போடுவார்கள்? கல்யாணப் பந்தியில் கிழிந்த இலை கடைசி வரிசைக்குப் போகிற மாதிரிதான். எந்த ஆய்வகத்திலும் அப்படித்தான் செய்வார்கள் என்று அடித்துச் சொல்வேன். இருட்டுக் குழாய்கள் எல்லாம் ஒழுங்காகத் தோற்றன. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

மடிக்கணினியைத் திறந்து மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். 'தாங்கள் கேட்டபடி நேரடிச் சூரிய ஒளியில் செய்து பார்த்தோம்; எதிர்பார்த்த பொருள் கிடைத்தது.' அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வெயிலில் வைத்த குழாயின் படமும் இருந்தது. உள்ளே கிடந்த காந்தத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த வரியை அனுப்பினால் ஜூனுக்குள் முனைவர். கல்யாணப் பத்திரிகையும் பொய்யாகாது. எனக்கு அனுப்ப ஆசையாக இருந்தது. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

சாப்பிடும்போது அண்ணியிடம் நடந்ததைச் சொன்னேன். வெள்ளி, காந்தம், இருட்டுக் குழாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். இரண்டு வருடம் முன்பு களைக்கொல்லி அடித்த தெளிப்பான் டேங்கைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே பஞ்சகவ்யத்தை ஊற்றி அண்ணன் மிளகுக் கொடிக்கு அடித்தார். கொடியெல்லாம் இலை சுருண்டு போயிற்று. அதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு டேங்குகள். களைக்கொல்லி டேங்கில் சிவப்பு பெயிண்ட் கோடு இருக்கும்.

"டேங்கைக் கழுவாம அடிச்சிருக்கற. அவ்வளவுதான? கழுவிப்போட்டு அடிச்சா வருமா?"

"வராதுங்க அண்ணி."

"அப்ப வரலீன்னு எழுது."

அவருக்கு அது அவ்வளவு சுலபம். எனக்கு எரிச்சலாக வந்தது. தட்டைக் கழுவிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குச் சோளக்காடு போனேன். சட்டம் போட்டுத் தொங்கிய அந்தப் பக்கத்தைப் பற்றி அப்போது நான் நினைக்கவே இல்லை. நினைத்திருந்தால் போன் செய்திருப்பேனா என்று தெரியாது.

சார் முழுவதையும் கேட்டார்.

"அவர் வெயில்ல வருதான்னுதான கேட்டார்? வெயில்ல வந்துச்சில்ல?"

"வந்துச்சுங்க சார். மூட்டைக்குள்ளயும் வந்துச்சு. அதை எழுதாம நான் அனுப்ப மாட்டேங்க."

எதையும் அனுப்பாதே, ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன் என்றார். என்னைத் திட்ட வருகிறாரா, சமாதானப்படுத்த வருகிறாரா என்று யோசித்தே மூன்று நாட்கள் போயின. காந்தத்தை எடுத்து ஒளித்துவிடலாமா என்றுகூட ஒருமுறை தோன்றியது. அதை அண்ணியிடம் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவரின் முகத்தில் ரத்தமே இல்லை. எழுபதில் நாற்பதாவது வளைவு வரை தாக்குப்பிடித்ததாகச் சொன்னார். கையில் ஒரு டிபன் கேரியர். அதன் நடு அடுக்கில், துண்டு சுற்றி, சின்ன சீசாவில் நைட்ரிக் அமிலம். பல்கலைக்கழகப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் அவர்தான். அண்ணி எலுமிச்சம்பழச் சாறு கொடுத்து உட்கார வைத்தார். குடித்து முடித்ததும் காந்தத்தைக் கேட்டார்.

உள்ளங்கையில் வைத்து அந்தக் கறுப்பு முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டு குழாய்கள் கேட்டார். இரண்டிலும் ஒரே அளவு அமிலம் ஊற்றினார். ஒன்றில் மட்டும் காந்தத்தைப் போட்டார். இரண்டையும் அண்ணி கொண்டுவந்த வெந்நீர்ச் சொம்பில் நிறுத்தினார். அரை மணி நேரத்தில் கறுப்பு முனை வெளுத்துவிட்டது. காந்தத்தை வெளியே எடுத்து, அண்ணன் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கி வைத்திருந்த சுத்தத் தண்ணீரை இரண்டு குழாயிலும் ஊற்றினார். அதே தண்ணீரில் அண்ணியின் சமையல் உப்பைக் கரைத்தார்.

முதலில் காந்தம் போடாத குழாயில் உப்புத் தண்ணீரை விட்டார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததில் விட்டார். களத்தில் பரப்பியிருந்த மிளகின் கறுப்புக்கு நேராகக் குழாயைப் பிடித்தார். உள்ளே லேசாக, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி, வெள்ளையாகப் புகைந்தது. வெள்ளி இருந்தால் உப்பில் அப்படித்தான் ஆகும். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள்.

சார் இரண்டு குழாய்களையும் களத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். அண்ணி கால் இழுத்து மிளகைக் கிளறப் போய்விட்டார். நாங்கள் இருவரும் குழாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அந்த வெள்ளை மெல்ல மெல்ல ஊதா கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறியது. வெள்ளி உப்பு வெயில் பட்டால் கறுக்கும். இரண்டு வாரத்தில் எங்கள் களத்து வெயில் என் குழாய்களில் செய்த ஒரே வேலை அதுதான்.

அவருக்காக எனக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஜூன் போனால் போகட்டும், துருவோ எதுவோ நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் என் பேச்சைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நானும் இருட்டுக் குழாய்க்கு வேற மேக்னட்தாம்மா போட்டேன்."

நாற்காலிக்கு மேலே தொங்கும் அந்தப் பக்கம் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அவர் எழுதுவதற்குத் தாள் கேட்டார். என் குறிப்பேட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தேன். மிளகு மூட்டையின் மேல் வைத்து இரண்டு கடிதங்கள் எழுதினார். இன்ன கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று சொல்லும் கடிதங்கள். என் கட்டுரைக்கானதை இரண்டாவதாக எழுதினார்.